அம்மாவைக் கடன் வாங்கிய மொழி

சர்க்கரை, காபிப்பொடி, இரண்டு வெங்காயம்... பக்கத்து வீட்டில் கடன் வாங்காதவர் யார்? ஆனால், 'அம்மா' என்ற சொல்லையே அக்கம்பக்கத்தில் கடன் வாங்கியவர்களைத் தெரியுமா? அவர்கள்தான் ஃபின்லாந்துக்காரர்கள்!

ஃபின்னிஷ் மொழியில் அம்மாவுக்கு 'ஐத்தி' என்று பெயர். இது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, பால்டிக் கடலோரத்தில் ஜெர்மானிய மொழி பேசியவர்களிடமிருந்து வந்த சொல். இத்தனைக்கும் ஃபின்னிஷ், ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியே அல்ல. டெலிபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும்கூடச் சொந்தமாகப் பெயர் உருவாக்கிக்கொண்ட மொழி அது!

வேடிக்கை என்னவென்றால், கொடுத்தவர்கள் வீட்டில் இன்று அந்தச் சொல் இல்லை. ஸ்வீடன்காரர்கள் அம்மாவை 'மூர்' அல்லது 'மம்மா' என்கிறார்கள். 4-ம் நூற்றாண்டில் கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்ட பைபிளில் அம்மா 'ஐதீ'யாக இருக்கிறாள். வெள்ளி மையால் எழுதப்பட்ட அதன் பழம்பிரதி, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக உள்ளது.

சரி, ஃபின்னிஷ் மொழியின் சொந்த அம்மா என்ன ஆனாள்? பழைய சொல் 'எமா', 'எமோ'. நாட்டுப்புறப் பாடல்களில் பெற்ற தாயைக் குறித்த 'எமோ', இன்று குட்டி போட்ட விலங்குக்குப் போய்விட்டது. 'தாய் நிறுவனம்' என்று சொல்லும்போதும் அதுதான் வரும். பண்ணை வீட்டு எஜமானியைக் குறிக்கும் 'எமாந்தா'வும் அதே வேரில் பிறந்ததுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம், ஃபின்னிஷின் உறவு மொழியான எஸ்தோனியத்தில் கதை தலைகீழ். அங்கே இன்றும் அம்மா 'எமா'தான். கடன் வாங்கிய சொல் 'எய்த்' என்று மாறி, கிழவியைக் குறிக்கிறது!

ஏன் கடன் வாங்கினார்கள்? இரு மொழி பேசியவர்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருப்பார்கள், ஒரே வீட்டில் இரண்டு மொழிகளும் புழங்கியிருக்கும் என்பது ஒரு விளக்கம். சகோதரி, மகள், மணமகள் ஆகியோரைக் குறிக்கும் ஃபின்னிஷ் சொற்களும் வெளியிலிருந்து வந்தவையே. அவை பால்டிக் மொழிகள் தந்தவை. அவ்வளவு ஏன், 'தாய்மொழி' என்பதற்கான 'ஐதின்கியெலி'யிலேயே இருப்பது கடன் வாங்கிய தாய்தான்!

அந்தத் தாய்மொழியை இழந்து தவித்த குழந்தைகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்கும் பசிக்கும் பயந்து, சுமார் 70,000 ஃபின்லாந்துக் குழந்தைகள் ஸ்வீடனுக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய பலருக்கு ஃபின்னிஷ் மறந்துபோயிருந்தது. ஸ்டேஷனில் காத்திருந்த அம்மாவிடம் பேச வார்த்தை இல்லை. ஸ்வீடிஷ் மட்டுமே பேசிய பிள்ளையிடம், அம்மாக்கள் மறுபடி முதல் வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஃபின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் அன்னையர் தினம். ஒரு கரையில் 'ஐத்தி', மறுகரையில் 'எமா' என்று பிள்ளைகள் அழைப்பார்கள். கடன் வாங்கிய பெயரானாலும், சொந்தப் பெயரானாலும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவள் அம்மாதானே!