மாட்டின் வயிற்றில் ஒரு வலை

ஆடு, மாடு, எருமை, மான் முதலிய இரைமீட்டும் பிராணிகளுக்கு நான்கு வயிறுகள் உண்டென்று சொல்வது வழக்கமாயினும், உள்ளபடி அவற்றுக்கு அமைந்திருப்பது நான்கு அறைகளாகப் பகுக்கப்பட்ட ஒரே இரைப்பைதான். அவற்றுள் முதலாவதான ‘ரூமன்’, வளர்ந்த பசுவின் இரைப்பைக் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தனக்கே எடுத்துக்கொண்டு, வைக்கோலையும் புல்லையும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் துணையால் புளிக்க வைக்கிறது. அதற்கு முன்புறமாக, ஏறக்குறைய 5 சதவீத இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும் இரண்டாவது அறைக்கு ‘ரெடிகுலம்’ என்று பெயர்.

அப்பெயரின் சரித்திரம் சுவையானது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலே பிராணிகளின் உடலமைப்பை ஆராய்ந்து எழுதிய கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், இவ்வறையின் உட்சுவரில் மெல்லிய வரப்புகள் பின்னிப் பல கோணங்களுடைய கண்ணறைகளாய் அமைந்திருப்பதற்கு ஏற்ப, கிரேக்கப் பெண்கள் கூந்தல் கலையாதபடி அணிந்த வலையின் பெயராலேயே அதனைக் குறிப்பிட்டார். லத்தீன் மொழியிலும் அக்கருத்தே நிலைத்தது. ‘ரேட்டே’ என்றால் வலை, ‘ரெடிகுலம்’ என்றால் சிறு வலை, ரோமாபுரிப் பெண்களின் கூந்தல் வலைக்கும் அதுவே பெயர். ஜெர்மானியர் இன்றும் ‘வலை வயிறு’ என்றே சொல்கிறார்கள். அதே உறுப்பைச் சமையலறையில் கண்ட ஆங்கிலேயருக்கோ அது தேனடையாகத் தோன்றிற்று.

உருவத்தைக் கண்டு இட்ட பெயர் அதன் காரியத்துக்கும் பொருந்திவிட்டது. ஆடு உதடுகளால் பொறுக்கித் தின்னும் இயல்புடையது. பசுவோ நாவினால் தீனியை வளைத்து வாரி, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பின்னர் சாவகாசமாக அசைபோடும் சுபாவமுடையதாகையால், தீனியோடு கலந்து வரும் ஆணியையும் கம்பித் துண்டையும் அது பிரித்தறிவதில்லை. கனமான அப்பொருள்கள் தாழ்வாக அமைந்துள்ள இந்த இரண்டாம் அறையிலே விழுந்து, அதன் கண்ணறைகளில் சிக்கிக்கொள்ளுகின்றன. அறை சுமார் நிமிஷத்துக்கு ஒருமுறை இறுகிச் சுருங்கும்போது, கூர்முனை சுவரைத் துளைத்து, அடுத்துள்ள உதரவிதானத்தையும் ஊடுருவி, சில அங்குல தூரத்திலேயே இருக்கும் இருதயத்தின் உறையையும் எட்டிவிடக் கூடும்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வரும் தண்டலத்தில் இந்த விஷயம் வெறும் சாஸ்திர ஞானமாக நின்றுவிடுவதில்லை. ஒரகடம் வரையில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் புதுக் கட்டடங்களும் எழுந்துகொண்டேயிருக்கும் இப்பிரதேசத்தில், மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க, கட்டுக்கம்பியும் ஆணியும் திருகாணியும் கிடக்கும் சாலையோரமே கால்நடைகளுக்குப் புகலிடமாகிறது. மாட்டின் வயிற்றைச் சேர்வது இரும்பு மட்டுமல்ல: 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில், 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பசுவின் வயிற்றிலிருந்து, ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நடந்த ரண சிகிச்சையில் 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை அமலுக்கு வந்தது அதே ஆண்டின் ஜனவரி முதல் நாளில்தான்.

இரும்பினால் வரும் அபாயத்தைத் தடுக்க, மேல்நாட்டுப் பண்ணைகளில் ஒரு சிறு உருளைக் காந்தத்தை மாட்டுக்கு விழுங்கக் கொடுத்துவிடுவார்கள். அது இந்த இரண்டாம் அறையிலேயே தங்கி, இரும்பைத் தன்னோடு பற்றி வைத்துக்கொள்ளும். ஆனால் செம்பும் அலுமினியமும் காந்தத்துக்கு அகப்படா. ஆகவே, தீனி எடுக்காமலும் அசைபோடாமலும், பால் திடீரெனக் குறைந்து, முதுகை வளைத்து, முழங்கைகளை விலக்கி, சரிவில் இறங்கத் தயங்கி நிற்கும் மாட்டை அஜீரணமென்று எண்ணிக் கஷாயம் கொடுத்து நாளைக் கடத்தாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே விவேகம். மாடு வளர்க்காதவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு: மிச்சச் சோற்றைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து தெருவில் எறியாதீர்கள்; வேலை முடிந்த இடத்தில் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.