மீனில் கதிர்வீச்சா? முதலில் அலகைப் பாருங்கள்

ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச்சில் விபத்து நடந்த பிறகு ஒரு வரைபடம் பரவத் தொடங்கியது. பசிபிக் கடல் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். 'கடலில் கலந்த கதிர்வீச்சு, மீன் சாப்பிடாதீர்கள்' என்று கீழே எழுதியிருப்பார்கள். உண்மையில் அது அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு நிறுவனம் வெளியிட்ட சுனாமி அலை உயர வரைபடம். அசல் படத்தின் அளவுகோலில் சென்டிமீட்டர் என்றிருக்கிறது. கதிரியக்கத்தை யாரும் சென்டிமீட்டரில் அளப்பதில்லை.

கதிரியக்கத்தின் அலகு பெக்கரல். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். அலகு மிகச் சிறியது என்பதால் எண் பெரிதாகத்தான் தெரியும். நீங்கள் வயலுக்கு இடும் பொட்டாஷையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கைப் பொட்டாசியத்தில் ஒரு துளிப் பங்கு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அதனால் ஒரு கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் சுமார் 15,000 பெக்கரல் உண்டு. அந்த மூட்டையைத்தான் தோளில் சுமக்கிறோம். வாழைப்பழத்திலும் மீனிலும்கூட கிலோவுக்கு ஏறத்தாழ 100 பெக்கரல் இருக்கிறது. உடல் தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் கழித்துவிடும்.

விபத்தால் கடலுக்கு வந்தவற்றில் முக்கியமானது சீசியம். 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா கரையோரம் பிடித்த சூரை மீன்களில் அது இருந்தது உண்மை. உலர் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 பெக்கரல். அதே மீன்களில் இயற்கையாக இருந்த பொட்டாசியம்-40 அதைவிட 30 மடங்குக்கு மேல்! பரவியது என்னவோ முதல் பாதிதான்.

அதற்காக எல்லாமே பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 2023 மே மாதம் பிடிபட்ட ஒரு மீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் சீசியம் இருந்தது. ஜப்பானின் உணவு வரம்பு 100 தான். பொட்டாஷோடு ஒப்பிட்டு இதைச் சிறிதாக்கக் கூடாது. உரத்தை நாம் உண்பதில்லை. உண்ட சீசியமோ தசையில் சேரும், அதில் பாதி வெளியேறவே சுமார் மூன்று மாதம் ஆகும். ஆனால் அந்த மீன் பிடிபட்டது அணுமின் நிலையத்தின் சொந்தத் துறைமுகத்துக்குள். அங்கே விற்பனைக்கு மீன் பிடிப்பதில்லை. மீன்கள் வெளியேறாதபடி வலையும் கட்டியிருக்கிறார்கள். இடத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால் ஜப்பான் மீன் எல்லாமே விஷம் என்றாகிவிடும்.

விரிவாக்கப் பணியாளர்கள், கிராமக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தால் 'வதந்தி' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். கேட்டவரின் கைபேசியையே வாங்கி, எந்தத் தனிமம், கிலோவுக்கு எவ்வளவு, எங்கே எப்போது பிடித்தது, யார் அளந்தது என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள். இந்த விவரம் இல்லாத செய்தியை அடுத்த குழுவுக்கு அனுப்ப வேண்டாம் எனச் சொல்லுங்கள்.