உங்களுக்குத் தெரியுமா? படம் நிற்கிறது, நிறம் ஓடுகிறது!

ஃப்ராக்டல் ஓவியங்களில் நிறங்கள் அலை அலையாகப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அங்கே ஒரு புள்ளிகூட இடம் மாறுவதில்லை. திருவிழாப் பந்தலில் சீரியல் லைட் ஓடுமே, அதே வித்தைதான். பல்பு கட்டிய இடத்திலேயே இருக்கும். ஒளி மட்டும் அடுத்த பல்புக்குத் தாவும்.

*

மாண்டல்பிராட் என்னும் ஃப்ராக்டல் படத்தை வரையும்போது, ஒவ்வொரு பிக்சலுக்கும் கணினி ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறது: எண்ணை வர்க்கப்படுத்து, அந்தப் புள்ளியின் மதிப்பைக் கூட்டு. விடையின் அளவு 2 என்ற எல்லையைத் தாண்ட எத்தனை சுற்று ஆனதோ, அதுதான் அந்தப் பிக்சலின் எண். 17 சுற்று என்றால், நிறப்பட்டியலில் 17-ஆவது நிறம். இப்போது பட்டியலை ஒரு படி தள்ளுங்கள். 17-இல் இருந்த ஆரஞ்சு 18-க்குப் போகும், 16-இல் இருந்த சிவப்பு 17-க்கு வரும், படம் முழுக்க அலை எழும். போட்ட கணக்கை மறுபடி போட வேண்டியதே இல்லை. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

*

1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ திரையில், 320×200 அளவுப் படத்துக்கு 64,000 பிக்சல்கள். நிறப்பட்டியலிலோ 256 நிறங்கள், நிறத்துக்கு மூன்று எண்கள், ஆக 768 எண்கள்தான். அவற்றை மாற்றினாலே திரை முழுவதும் உயிர் பெற்றுவிடும். அன்றைய மெதுவான கணினிகளில் ஃப்ராக்டல் அசைந்தது இப்படித்தான்.

*

1988-இல் பெர்ட் டைலர் தொடங்கிவைத்து, பலர் கூடி வளர்த்து, இலவசமாகவே கொடுத்த மென்பொருள் ஃப்ராக்டின்ட். படம் வரைந்து முடிந்ததும் 'சி' விசையைத் தட்டினால் நிறச் சுழற்சிக்குள் போகலாம். வழக்கமாகச் சுழல்பவை 1 முதல் 255 வரையுள்ள நிறங்கள். 0 அப்படியே நிற்கும். எல்லையைத் தாண்டாத புள்ளிகளாலான நடுவுடலுக்கு அந்த 0-ஐக் கொடுத்தால், சுற்றிலும் நெருப்பு ஓட, நடுவில் கருமை அசையாமல் இருக்கும்.

*

விண்டோஸ் 95 திறக்கும்போது, மேகப் படத்தின் அடியில் ஒரு பட்டை ஓடும், நினைவிருக்கிறதா? அதுவும் நிறப்பட்டியல் சுழற்சியே! இந்த உத்தி அதற்கும் பழையது. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் 1973-இல் இயக்கிக்காட்டிய சூப்பர்பெயின்ட்டிலேயே 256 நிறப் பட்டியல் இருந்தது.

*

நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை என்று படித்திருக்கிறோம். நிறப்பட்டியலில் ஒரு நிறம் இன்னொன்றாகப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட்டில் அப்படி வராது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்களை எழுதினால், நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. நடுப்புள்ளியில் மூன்றுமே ஏறக்குறைய 128. அது சாம்பல் நிறம்! அழகான இரண்டு நிறங்களுக்கு நடுவே அழுக்குப் படிந்தாற்போல் தெரிவது இதனால்தான். நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதற்குப் பச்சையை நீங்களே கொடுத்துவிடுங்கள். படம் சட்டென்று தெளியும்.

*

பட்டியலின் கடைசி நிறமும் முதல் நிறமும் ஒட்டிப் போக வேண்டும். கடைசியில் கருநீலம், முதலில் வெள்ளை என்றிருந்தால், கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு அலையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 30 படம், படத்துக்கு ஒரு படி என்று தள்ளினால், 256 நிறங்களும் ஒரு சுற்று வர சுமார் எட்டரை விநாடி.

*

மாண்டல்பிராட் நடுவுடலின் ஓரத்தை நெருங்க நெருங்க, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கே எண்கள் தாறுமாறாக மாறும். அங்கே அலை தெரியாது, வெறும் மினுக்கல்தான். வேகமான மினுக்கல் சிலருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்ன, 600-க்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் குழந்தைகளை, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே சுழற்சியை மெதுவாக்குங்கள். அடுத்தடுத்த நிறங்களுக்குள் வெளிச்ச வேறுபாட்டைக் குறையுங்கள். விநாடிக்கு மூன்று மினுக்கலுக்கு மேல் போகவே வேண்டாம்.