மேடை மறந்த ஜானகியம்மாள்

மதுரை கே.பி. ஜானகியம்மாள் என்றால் விவரம் தெரிந்தவர்கள் உடனே "கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ." என்பார்கள். 1967-இல் மதுரை கிழக்கில் ஜெயித்தவர், பாப்பா உமாநாத்தோடு சேர்ந்து மாதர் சங்கத்தைக் கட்டியவர் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அவர் முதலில் நடிகை. பழனியப்பா பிள்ளை பாய்ஸ் கம்பெனியில் மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்துக்குப் பாடச் சேர்ந்த சிறுமி, பிறகு ஒரு ராத்திரி நாடகத்துக்கு 300 ரூபாய் வாங்கும் அளவுக்கு வளர்ந்தார். அதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தக் கால ஸ்பெஷல் நாடகத்தில் நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார். நோட்டீஸில் பெயர் பார்த்துத்தான் கூட்டம் சேரும். தேசபக்திப் பாட்டுக்குப் பேர் போன எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடி சேர மாட்டோம் என்று பல நடிகைகள் ஒதுங்கியபோது, சேர்ந்து நடித்தவர் ஜானகியம்மாள். வள்ளியும் முருகனும் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் வெள்ளைக்காரனைப் பற்றி ஒரு பாட்டு வந்து விழும்; திரைக்குப் பின்னால் போலீஸ் நிற்கும். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், மயில்மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே தாஸின் உயிர் பிரிந்தது.

அதே 1940-இல் ஜானகியம்மாள் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் ஜெயிலுக்குப் போனார். ஆர்மோனியக் கலைஞரான கணவர் குருசாமியும் அவரும் சம்பாதித்த நகையும் பட்டும் கட்சிக்குப் போயின. மேடையை விட்டதில் பாதி அவருடைய சொந்த முடிவு, அதை மறைக்க வேண்டியதில்லை. மறு பாதி காலம் செய்தது. சுதந்திரம் வந்த பிறகும் அடக்குமுறை ஓயவில்லை. 1949-இல் சென்னை மாகாணத்தில் கட்சியே தடைசெய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் ஜெயிலில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் 'கம்யூனிஸ்ட்' என்று பெயர் வாங்கிய ஒரு பெண்ணை எந்த காண்ட்ராக்டர் துணிந்து நாடகத்துக்குக் கூப்பிடுவார்?

நடிகையின் பிழைப்பைக் கெடுக்கக் கைது செய்யக்கூட வேண்டாம். கூப்பிடாமல் விட்டாலே போதும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. குரோம்பேட்டையில் வளர்ந்தவள் நான். தொண்ணூறுகளில் வீதி நாடகக் குழுவில் இருந்தேன். தாம்பரம் பஸ் ஸ்டாண்ட், பல்லாவரம் சந்தை, சானடோரியத்தில் பெண்கள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் இடம் என்று ஒரு பறையும் நாலு சிவப்புத் துண்டும் எடுத்துக்கொண்டு போவோம். எங்களில் நன்றாகப் பாடும் பெண் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒருநாள் சூப்பர்வைசர் கூட்டத்தில் நின்று அவள் பாடியதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை வாட்ச்மேன், "உனக்கு இனிமே வேலை இல்லம்மா, என்னைக் கேக்காத" என்று கேட்டைச் சாத்தினார். அடுத்த இரண்டு கம்பெனிகளிலும் "ஆள் எடுக்கலை" என்றார்கள். எழுத்தில் ஒரு வரி இல்லை. அதற்குப் பிறகு அவள் பாட வரவில்லை.

அமெரிக்காவில் இப்படிக் கூப்பிடக் கூடாத 'கம்யூனிஸ்ட்' கலைஞர்களின் பட்டியலை அச்சடித்தே விற்றார்கள். 1950 ஜூனில் வந்த 'ரெட் சேனல்ஸ்' என்ற சிறு புத்தகத்தில் வானொலி, தொலைக்காட்சி ஆட்கள் 151 பேரின் பெயர்கள் இருந்தன. அதில் நிறையப் பெண்கள். பியானோ மேதை ஹேசல் ஸ்காட், தன் பெயரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினப் பெண். "நான் கம்யூனிஸ்ட் இல்லை, இந்தப் பட்டியலே அநியாயம்" என்று, கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் தானே போய்ச் சொன்னார். ஒரே வாரத்தில் நிகழ்ச்சி நின்றது. பிறகு அவர் பாரிஸுக்குக் குடிபோனார். ஜீன் மியூர் என்ற நடிகையை நீக்க, விளம்பரம் கொடுத்த கம்பெனிக்கு வந்த சில டெலிபோன் அழைப்புகளே போதுமானதாக இருந்தன. லீ கிராண்ட், இறந்துபோன சக நடிகருக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பேசினார். கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தார். இருபதுகளில் இருந்த அவருக்குச் சுமார் 12 வருஷம் சினிமா இல்லை. ஆண் நடிகர் திரும்பி வந்தால் அப்பா வேஷமாவது இருக்கும். பெண்ணுக்குப் போன வயது போனதுதான்.

பக்கத்துக் கேரளத்தில் 1953-இல் கே.பி.ஏ.சி. நாடகக் குழுவின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்துக்குத் தடை வந்தது. மீறி நடித்தார்கள், கைதானார்கள், கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்கள். பாடி நடித்த சுலோச்சனா இன்றும் 'கே.பி.ஏ.சி. சுலோச்சனா'தான். குழுவின் பெயரே அவருக்குக் கவசமானது. இங்கே நாடகங்களைக் கட்டுப்படுத்த 1954-இல் வந்த சட்டத்தை நாம் கிட்டத்தட்ட அறுபது வருஷம் தலையில் சுமந்தோம். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

ஜானகியம்மாள் 1992-இல் மறைந்தார். அவர் குரல் எப்படி இருந்தது, எந்த வேஷத்தில் பேர் வாங்கினார், எந்த ஊரில் எத்தனை ராத்திரி ஆடினார் என்றெல்லாம் நாடக வரலாறு அவருக்கு ஒரு முழு அத்தியாயம் எழுத வேண்டாமா? அதற்குத் தாள்கள் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா பாட்டி காலத்து நாடக நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தாம்பரத்துக்காரர்களுக்கு வேளச்சேரி வழியாகப் போனால் பக்கம்தான். கொண்டுபோய்க் காட்டுங்கள்.