குரலுக்கும் களைப்பு உண்டு

கூத்து ஆடும் அண்ணாவியார், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் படிப்பிக்கும் ஆசிரியை, சந்தையில் கூவி விற்பவர், கோயிலில் தேவாரம் பாடுபவர், வீதியோரத்தில் பிள்ளையைத் தேடிக் கோஷம் எழுப்பும் தாய் எல்லோருக்கும் கருவி ஒன்றுதான். அது பழுதானால் மாற்றிப் போட வேறொன்று இல்லை.

நீண்ட காலம் சங்கீதம் படிப்பித்தவள் நான். என்னிடம் ஆட்கள் அதிகம் கேட்பது ராகங்களைப் பற்றி அல்ல. "ரீச்சர், பின்னேரமானால் குரல் அடைச்சுப்போகுது, என்ன செய்யலாம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. கதைக்கும்போது அவை ஆண்களுக்கு செக்கனுக்கு 100 தடவைக்கு மேலும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 தடவையும் மோதிப் பிரிகின்றன. சத்தத்தைக் கூட்டினால் மோதலின் பலமும் கூடும். நாண்களை மூடியுள்ள மெல்லிய சவ்வு ஈரமாக இருக்கும்வரை தாங்கும். காய்ந்த நிலையில் தொடர்ந்து மோதினால் வீங்கும். குரல் கரகரக்கும், மேல் ஸ்தாயி எட்டாது. அதன்மேலும் கத்தினால் நாளடைவில் நாண்களில் சிறு முடிச்சுகள் உண்டாகலாம்.

குடிக்கும் தண்ணீர் நாண்களில் நேரே படுவதில்லை. அது உணவுக் குழாயால் இறங்கி, உடம்பு முழுவதும் பரவித்தான் நாண்களுக்கு ஈரம் தருகிறது. ஆகவே மேடை ஏறும் நேரத்தில் ஒரு போத்தலை முடிப்பதால் பயன் குறைவு. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வேது பிடித்தால் ஈரம் நேரே நாண்களைச் சேரும்.

பாடுவதற்கு முன் ஐந்து நிமிடம் வாயை மூடி "ம்" என்று மெதுவாக இசையுங்கள். அல்லது ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் ஸ்ட்ரோவை வைத்து, குமிழி வர "ஊ" என்று ஒலியுங்கள். வாயில் உண்டாகும் எதிர் அழுத்தம் நாண்களின் மோதலை மென்மையாக்கும்.

குரல் அடைத்தால் பலர் குசுகுசுக்கிறார்கள். அது ஓய்வல்ல, பலருக்கு நாண்கள் இன்னும் இறுகும். மௌனமே ஓய்வு. அடிக்கடி தொண்டையைச் செருமாமல் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். இரவில் உறைப்பாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அங்கே கத்துவதோடு அழுகையும் சேர்கிறது. அழுகையும் நாண்களை வருத்தும். ஒருவரே தொடர்ந்து கோஷம் சொல்லாமல் முறை வைத்துச் சொல்லலாம். ஒலிபெருக்கி இருந்தால், கதைக்கும் அளவிலேயே பேசினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேரதிர்ச்சிக்குப் பின் சிலருக்கு நாண்களில் காயமே இல்லாமல் குரல் நின்றுபோகும். இருமினால் சத்தம் வரும், கதைக்க வராது. அது நடிப்பல்ல. பேச்சுச் சிகிச்சையாலும் மனநல உதவியாலும் பலருக்குக் குரல் திரும்புகிறது.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் போங்கள். இரத்தம் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். புகைப்பவர்களும் புகையிலையோடு வெற்றிலை போடுபவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புற்றுநோயின் முதல் அறிகுறியும் கரகரப்பாக இருக்கலாம். முடிச்சு என்றால் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் சத்திரசிகிச்சை இல்லாமலே, பேச்சுச் சிகிச்சையால் குணமாகும்.