பன்மாறி நுண்கணிதப் பரீட்சைக்கு ஆயத்தமாதல்

வவுனியா வளாகம் 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகத் தோன்றி, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கும் கிளிநொச்சிப் பொறியியற் பீடத்திலும் புகும் எம் மாணவர்க்கு இரு புதுமைகள் ஒருங்கே எதிர்ப்படுகின்றன. உயர்தர வகுப்பின் இணைந்த கணிதத்திலே ஒரு மாறியின் வகையீட்டைத் தமிழிற் கற்றவர், இங்குப் பல மாறிகளின் வகையீட்டை ஆங்கிலத்திற் கற்கவேண்டியவராகின்றனர். இடைத்தவணைப் பரீட்சையோ சில வாரங்களில் வந்துவிடுகின்றது. மொழி விளங்காமையைக் கணிதம் வாராமையென மயங்கி, சூத்திரங்களை நெட்டுருப் பண்ணுவோரும், துறையையே கைவிட எண்ணுவோரும் உளர். பொருளை முதலில் தமிழில் தெளிந்து, பின் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுதலே தக்க வழியென்போம்.

பகுதி வகையீடு என்னுந் தொடரை நோக்குக. பல மாறிகளுள் ஒன்றை மட்டும் மாறவிட்டு, ஏனையவற்றை நிலைநிறுத்திக் காணும் மாற்றவீதமே அது. 12 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமுமுள்ள தோட்டத்தின் பரப்பு 96 சதுர மீற்றர். அகலத்தை மாற்றாது நீளத்தை ஒரு மீற்றர் கூட்டினாற் பரப்பு 8 கூடும். நீளத்தை மாற்றாது அகலத்தைக் கூட்டினால் 12 கூடும். ஆகவே, அதே 40 மீற்றர் வேலிக்குள் நீளத்தைச் சிறிது குறைத்து அகலத்தைக் கூட்டுதலே இலாபம். இரு பெறுதிகளும் சமமாகும் நிலையில், பக்கம் 10 மீற்றரான சதுரத்திலே, பரப்பு 100 ஆகி உச்சமடையும். லக்ராஞ்சி (1736–1813) கண்ட பெருக்கி முறையின் உட்கருத்தும் இதுவே.

இவ்வாறு ஒவ்வொரு வினாவுக்கும் படம் வரைந்து, பொருளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அதன்பின் பழைய வினாத்தாள்களை நேரங் குறித்துச் செய்க. விளங்கிக் கற்றது மொழி மாறினும் நிலைக்கும். மனனஞ் செய்ததோ வினாச் சற்று மாறினும் கைவிடும்.