வெறுந்தட்டோடு நின்றவன்!

பத்தே பவுன்! இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரிட்டிஷ் தொழிலாளி ஆஸ்திரேலியாவில் குடியேறத் தந்த கப்பல் கட்டணம் அவ்வளவே. அங்கேயும் ஆங்கிலந்தானே, அல்லல் ஏது என்று எண்ணிச் சென்றான். கண்டதென்ன?

குடியிருக்கப் பலருக்கும் முதலில் கிடைத்தது தகரக் கொட்டகை! கிறிஸ்துமசில் கொளுத்தும் கோடை! விருந்துக்குத் "தட்டு கொண்டுவா" என்றனர். வெறுந்தட்டோடு போய் நின்றான். பண்டம் கொண்டுவா என்பதே அங்கே அதன் பொருளாம்!

வாய் திறந்தால், புலம்பல் பேர்வழி என்ற ஏளனம். ஈராண்டுக்குள் திரும்பினாலோ, பயணச் செலவைக் கட்டவேண்டும்!

நாம் கேட்கிறோம்: ஊர் வழக்கம் அறியாதது குற்றமா? 1966இல் வேல்சிலிருந்து அப்படி வந்த குடும்பத்துச் சிறுமி ஜூலியா கில்லார்ட், 2010இல் அந்நாட்டின் பிரதமரானார்!

தோழர்களே! வெறுந்தட்டோடு நிற்பவனைக் கண்டு நகைக்கலாமா? சோறிட்டு, வழக்கத்தைச் சொல்லித் தருவோம்!